நெடுந்தீவில் யார் யாரைப் பிடித்தது

எழுத்து என்று சொல்லத்தக்க எதையும் நான் இதுவரை எழுதியதில்லை. ஈப்போ ரயில் நிலையத்துச் சரக்குக் கொட்டகையில் பெட்டிகளின் மேல் தைப்பிங், கிள்ளான், சிரம்பான் என்று ஊர்ப்பெயர் எழுதுவதுதான் எனக்குள்ள பழக்கம். அதற்குக் கீழே ஒரு வரி கூட்டச் சொன்னாலும் பேனாவை வைத்துவிடுவேன். ஏழாம் வகுப்போடு நின்ற ஒருவன் பயணக் கட்டுரை எழுத முன்வருவது துணிச்சலான காரியம். படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நண்பர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிப்போனதால், ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நாற்பத்தைந்து வயதைத் தாண்டியும் நான் கல்யாணம் செய்யவில்லை. காரணம் கூச்சம்தான். என் தகப்பனாரின் ஊர் நெடுந்தீவு. அங்கே இருக்கும் பெரியப்பாவின் மகன் சண்முகம் அண்ணை ஒரு பெண்ணைப் பற்றி எழுதியிருந்தார். பெயர் பரமேஸ்வரி, பள்ளிக்கூடத்தில் தையல் படிப்பிக்கிறவர், தாயில்லாத வீட்டில் தகப்பனைப் பார்த்துக்கொண்டிருந்ததில் வயது முப்பத்தைந்து ஆகிவிட்டது. "வந்து பார். சரியென்றால் எழுத்தை முடித்துக்கொண்டு போகலாம்" என்றார். எழுத்து என்றால் அங்கே கல்யாணப் பதிவு. இரண்டு வார லீவு எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

யாழ்ப்பாணம் வரைக்கும் வந்த கதையை விடுகிறேன். குறிகட்டுவானுக்குப் போகும் பஸ்ஸிலிருந்து தொடங்குகிறேன். கடலுக்கு நடுவே போட்ட தெரு. இரண்டு பக்கமும் முழங்கால் அளவு தண்ணீரில் ஆட்கள் நின்று வலை வீசுகிறார்கள். எங்கள் ஊரில் மழைக்குப் பயந்து பஸ் கண்ணாடியை மூடுவோம். இந்த பஸ்ஸில் மூடுவதற்குக் கண்ணாடியே இல்லை. வேலணையில் ஓர் அம்மா கால் கட்டிய இரண்டு கோழிகளோடு ஏறி, "தம்பி, எப்பன் பிடியும்", அதாவது கொஞ்சம் பிடி, என்று என் மடியில் வைத்துவிட்டு வெற்றிலை போடத் தொடங்கினார். நான் பிடித்துக்கொண்டேன். புங்குடுதீவில் அவர் கோழியை மறந்து இறங்கப் போனார். கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. கொண்டக்டர்தான் கத்தினார்:

"அம்மா, கோழியைச் சீதனமாக் குடுத்திட்டே போறியள்?"

பஸ் முழுவதும் சிரித்தது. நான் கல்யாணம் பேசப் போகிறவன் என்று நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கிறதோ என்று பயந்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

குறிகட்டுவான் இறங்குதுறையில் இரண்டு வள்ளங்கள் நின்றன. எது எங்கே போகிறது என்று கேட்கக் கூச்சம். கூட்டம் ஏறிய வள்ளத்தில் நானும் ஏறினேன். வெள்ளை உடுத்திய சிங்கள யாத்திரிகர்கள், பூத்தட்டோடு தமிழ்க் குடும்பங்கள். பக்கத்தில் இருந்த சிங்களப் பெண்மணி ஒரு வாழைப்பழத்தை நீட்டி ஏதோ சொன்னார். வள்ளக்காரர் தமிழில் சொன்னார்: "கும்பிடப் போற ஆள் பசியோடை போகக்கூடாதாம்."

"நான் நெடுந்தீவுக்குப் போறன்."

"இது நயினாதீவு வள்ளமெல்லோ! ஏறேக்கை ஒரு வாய் கேட்டிருக்கலாமே."

அதையும் அவர் சிங்களத்தில் சொல்லிவிட்டார். பெண்மணி என்னை இரக்கத்தோடு பார்த்துப் பதில் சொன்னார். அதுவும் மொழிபெயர்ந்து வந்தது: "இண்டைக்குக் கும்பிட்டிட்டுப் போகட்டாம். நெடுந்தீவு அங்கைதான் கிடக்குமாம், எங்கையும் ஓடாதாம்."

அப்படித்தான் நான் நயினாதீவுக் கோயிலைக் கண்டேன். இளம் ஐயர் ஒருவர் தட்டோடு வந்து, "ஆற்றை பேரிலை, என்னத்துக்கு அருச்சனை?" என்று கேட்டார். கல்யாணத்துக்கு என்று சொல்ல வேண்டியவன், பின்னால் ஆட்கள் நின்றதால் "சுகத்துக்கு" என்றேன். அவரும் சுகத்துக்கே செய்தார். மடத்தில் வாழையிலையில் சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, புளி தூக்கலான இரசம். வழி தவறிப் போனவனுக்கு அதைவிட நல்ல சாப்பாடு கிடைக்காது.

திரும்பி வந்து, இம்முறை இரண்டு பேரிடம் கேட்டு, நெடுந்தீவு வள்ளத்தில் ஏறினேன். எனக்கு எதிரே ஒரு நேர்ஸ் ஐஸ் போட்ட பெட்டி ஒன்றைக் குழந்தையைப் போலக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தார். ஊர்காவற்றுறைப் பெண், பெயர் திரேசா. எல்லாரும் மிஸ்ஸி என்றே கூப்பிட்டார்கள். அரைக் கடலில் இஞ்சின் நின்றது. வள்ளம் ஆடத் தொடங்கியது. எனக்கு நயினாதீவு இரசம் தொண்டைக்கு வந்தது. மிஸ்ஸி வள்ளக்காரரைப் பார்த்துக் கத்தினார்:

"கெதியாப் பாருமப்பா! என்ரை மருந்துக்கு வெயில் ஆகாது."

"எங்களுக்கும்தான் ஆகாது, மிஸ்ஸி."

"உங்களுக்குப் பழகிப்போச்சு. இது பழகாது."

அந்தப் பெட்டியில் இருந்தது கசத்துக்குச் சோதனை பார்க்கும் ஊசி மருந்து. கசம் என்றால் சயரோகம். மலாயாவில் நாங்கள் காசநோய் என்போம். பள்ளிக்கூடத்துக்கும் பக்கத்துக் கடைகளுக்கும் முதல் முறை வந்தபோது ஊசி போட்டுவிட்டுப் போயிருந்தார். கை வீங்கியிருக்கிறதா என்று மூன்றாம் நாள் பார்க்க வேண்டும். அதற்குத்தான் இப்போது போகிறார். பிறகு தீவின் மேற்குப் பக்கத்து ஆட்களுக்கும் போட வேண்டுமாம். ஒரு வழியாக இஞ்சின் இருமிக்கொண்டு எழும்பியது.

இறங்குதுறையில் சண்முகம் அண்ணை சைக்கிளோடு நின்றார். மெலிந்த உடம்பு, வாயில் சுருட்டு, வாய் நிறையப் பகிடி. "என்ன தம்பி, மலாயாவிலை சோறு போடுறேல்லையோ? என்னைவிட மெலிஞ்சு கிடக்கிறாய்" என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. "சுருட்டு" என்று சுருட்டையே காட்டினார்.

அவருடைய தேத்தண்ணிக் கடை பள்ளிக்கூடத்துக்கு எதிரே. வீடு கடைக்குப் பின்னால். அவர் மனைவியை இங்கே மச்சாள் என்றுதான் கூப்பிட வேண்டும். அண்ணி என்று கூப்பிட்டதற்கு "இந்தியாப் படம் பாக்கிறவர் போலை" என்று மச்சாள் சிரித்தார். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடித்தேன். ஈப்போக் கோப்பிக்கு நான் அடிமை. ஆனாலும் சொல்கிறேன், இரண்டு கடலைக் கடந்து வந்த வயிற்றுக்கு அதுதான் மருந்து.

கடை வாசலில் இருந்தே பள்ளிக்கூட விறாந்தை தெரிந்தது. பிள்ளைகள் கையை நீட்டிக்கொண்டு வரிசையில் நிற்க, மிஸ்ஸி ஒரு கதிரையில் இருந்து ஒவ்வொரு கையையும் தடவி, பேனாவால் கோடு இழுத்து அளந்தார். பிள்ளைகளின் தாய்மார் மதிலோடு நின்றார்கள். கடைசியில் வாத்திமார் வந்தார்கள். நீலச்சேலை உடுத்த ஒருவர் கையை நீட்டினார். மிஸ்ஸி தடவிப் பார்த்துவிட்டு, தெரு முழுவதும் கேட்கும் குரலில் சொன்னார்:

"ரீச்சருக்கு வடிவாப் பிடிச்சிருக்கு!"

வடிவா என்றால் அங்கே நன்றாக என்று பொருள். மதிலோடு நின்ற தாய்மார் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருத்தி தன் பிள்ளையை மெல்ல இழுத்துக்கொண்டாள். நீலச்சேலைக்காரி சேலைத் தலைப்பால் கையை மூடிக்கொண்டு உள்ளே போனார்.

"ஆர் அவ?" என்று கேட்டேன்.

அண்ணை சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். "அவதான் தம்பி பரமேஸ்வரி" என்றார்.

மிஸ்ஸி அடுத்துக் கடைக்கு வந்தார். சாப்பாட்டுச் சாமான் விற்பவர் என்பதால் அண்ணைக்கும் ஊசி போட்டிருந்தார்கள். அவருடைய கை வழுவழுவென்று இருந்தது. "ஒண்டுமில்லை" என்று மிஸ்ஸி சொல்ல, "நான் பத்தரைமாத்துத் தங்கமெல்லோ" என்றார் அண்ணை. மிஸ்ஸி ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் மேற்கே போகும் லான்ட்மாஸ்டர் உழவு வண்டி வந்து ஹோர்ன் அடித்தது, பெட்டியோடு ஏறிப் போய்விட்டார்.

இரவுச் சாப்பாடு புட்டும் நண்டுக் கறியும். ஈப்போவில் நண்டு சீனன் கடையில் ஓட்டோடு வரும், சுத்தியலால் உடைக்க வேண்டும். இங்கே மச்சாள் பல்லாலேயே காலை உடைத்து என் தட்டில் போட்டார். ஆனால் பேச்சு நண்டைப் பற்றி இல்லை.

"தம்பி, அந்தக் கதையை விடுவம்" என்றார் அண்ணை. "நான்தான் பேசினனான். நானே வேண்டாமெண்டு சொல்லுறன். கசம் பிடிச்சிருக்கெண்டு மிஸ்ஸியே வாயாலை சொல்லிப்போட்டா."

"அந்தப் பெட்டை ஒரு நாள் இருமி நான் காணேல்லை" என்றார் மச்சாள்.

"உள்ளுக்கை இருக்கும். கசம் கதவைத் தட்டிக்கொண்டே வரும்?" என்று சொல்லி அண்ணை இருமினார்.

அப்போது வாசல் படலையில் யாரோ கூப்பிட்டார்கள். பரமேஸ்வரியின் தகப்பன் கந்தையா. உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"தம்பி, நாங்கள் உம்மை ஏமாத்தக் கூப்பிடேல்லை. இந்த வீக்கம் எங்களுக்கும் இண்டைக்குத்தான் தெரியும். நீர் வேண்டாமெண்டால் அது உம்முடைய விருப்பம். ஆனால் சனம் நாளைக்குப் பிள்ளையளை அவளின்ரை வகுப்புக்கு விடமாட்டம் எண்டு நிக்குது. அதுதான் எனக்குத் தாங்க ஏலாமல் கிடக்கு."

சொல்லிவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

அடுத்த நாள் காலை பள்ளிக்கூடத்தில் மற்ற வகுப்புகள் நிரம்பியிருந்தன. பரமேஸ்வரியின் வகுப்பில் நாலைந்து பிள்ளைகள்தான். அவர் வெயிலிலும் சேலைத் தலைப்பைக் கையைச் சுற்றி இழுத்து மூடிக்கொண்டு கரும்பலகையில் எழுதினார். எங்கள் கொட்டகையில் முகவரி தவறிய பெட்டி ஒன்று வந்தால் யாரும் தொடமாட்டார்கள். அது மூலையில் கிடக்கும். யாராவது ஒருவர் போய், இது எங்கிருந்து வந்தது என்று விசாரித்தால்தான் அதற்கு விடிவு. அந்த வேலையை இவ்வளவு காலமும் நான்தான் செய்துவந்தேன். அண்ணையின் சைக்கிளை எடுத்துக்கொண்டு மிஸ்ஸியைத் தேடி மேற்கே புறப்பட்டேன்.

நெடுந்தீவில் மேற்கே போவது சுலபமில்லை. மலையும் இல்லை, மரமும் குறைவு. காற்று கடலிலிருந்து நேரே வந்து நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். வழி நெடுக முருகைக் கற்களைச் சாந்தில்லாமல் அடுக்கிய வேலிகள். வெட்டைவெளியில் கட்டாக்காலிக் குதிரைகள் நின்றன. ஒன்று என் சைக்கிளைப் பார்த்து ஓடாமல் நின்றது. நான்தான் இறங்கி உருட்டினேன். பிறகு செயின் கழன்றது. கை முழுவதும் கறுப்பு எண்ணெயோடு ஒரு சிறு மண்டபத்துக்கு வந்து சேர்ந்தேன். மிஸ்ஸி ஊசி போட்டுக்கொண்டிருந்தார்.

கூட்டம் குறையும்வரை வெளியே நின்றேன். அவரே கூப்பிட்டார். "வள்ளத்திலை சத்தி எடுக்கப் பாத்த ஐயாவெல்லே! வாங்கோ."

எனக்கு எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. "தையல் ரீச்சருக்குக் கசம் பிடிச்சிருக்கு எண்டு நேற்றுச் சொன்னியள்" என்றேன்.

"நானோ? எப்ப?"

"வடிவாப் பிடிச்சிருக்கு எண்டு."

மிஸ்ஸி ஊசியைக் கீழே வைத்தார். "அட கடவுளே! அது அம்மைக்குத் தடுப்பாப் பால் கட்டித் திரிஞ்ச காலத்துப் பழக்கம். பால் கட்டின இடம் வீங்கினால் பிடிச்சிருக்கு எண்டு சொல்லுவம், தாய்மாருக்குச் சந்தோசம். அந்த வாய் இதிலும் அதையே சொல்லிப்போட்டுது. சனம் என்னெண்டு விளங்கினது?"

"கசம் ரீச்சரைப் பிடிச்சிருக்கு எண்டு. பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையளை விடுகினமில்லை."

"பிடிச்சது ரீச்சர். பிடிபட்டது கிருமி" என்றார் மிஸ்ஸி.

எனக்கு விளங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவர் வாங்குப் பலகையில் தள்ளி இருந்து எனக்கு இடம் விட்டார். அவர் சொன்னதை முடிந்தவரை அவருடைய சொற்களிலேயே எழுதுகிறேன்.

"எங்கடை உடம்புக்குள்ளை கிருமியளை விழுங்கிறதுக்கெண்டே கலங்கள், அதுதான் செல்கள், இருக்கு. பூனையள் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. கிருமி எலி. பூனை எலியை விழுங்கினால் செமிச்சுப் போகும், கதை முடிஞ்சுது. ஆனால் கசக் கிருமி வேறை மாதிரி. அதின்ரை தோல் மெழுகு பூசினது போலை. பூனை விழுங்கும், ஆனால் செமிக்காது. எலி பூனையின்ரை வயித்துக்குள்ளையே குடியிருந்து குட்டியும் போடும்."

எங்கள் கொட்டகையில் அரிசி மூட்டைகளுக்குக் காவலாக ஒரு கிழட்டுப் பூனை உண்டு. அதன் வயிற்றில் எலி குடியிருப்பதை நினைத்துப் பார்த்தேன். கூச்சத்தை மறந்து கேட்டேன்: "அப்ப உள்ளுக்கை எலி இருக்கெண்டு மற்றவைக்கு என்னெண்டு தெரியும்? வெளியிலை பாத்தால் பூனைதானே தெரியும்?"

"நல்லாக் கேட்டியள். இப்ப டொக்டர்மார் சொல்லுற கதையை நான் என்ரை பாசையிலை சொல்லுறன். பூனை எலிவாலிலை ஒரு துண்டை வாய்க்கு வெளியிலை தொங்கவிடும். எனக்குள்ளை இது கிடக்கு, வந்து பாருங்கோ எண்டு. வேறை சின்னக் கலங்கள் ஊர் சுத்திக்கொண்டு திரியும். அதுகள் வந்து வாலை மோந்து பாக்கும். அந்த வாலை அடையாளம் தெரிஞ்ச ஒண்டு வந்துதெண்டால் சரி. அது தன்ரை கூட்டத்தைப் பெருக்கும், பூனையையும் உசுப்பிவிடும். உசுப்பின பூனை முந்தின பூனை இல்லை. செமிக்காததையும் செமிக்கும். செமியாமல் மிஞ்சினதை எல்லாரும் சுத்தி நிண்டு, இந்தா இந்தக் கல்வேலி மாதிரி அடுக்கி, பட்டிக்குள்ளை அடைச்சுப்போடும். அநேகம் பேருக்குச் சாகுமட்டும் அது பட்டியை விட்டு வெளிக்கிடாது."

"இந்த ஊசி?"

"இதிலை எலி இல்லை. வால் மட்டும். செத்த கிருமியின்ரை சத்து. தோலுக்குள்ளை வைக்கிறம். முந்தி வாலைக் கண்டு பழகின கலங்கள் இருந்தால் ரெண்டு மூண்டு நாளிலை அந்த இடத்திலை கூட்டம் கூடும். அதுதான் வீக்கம். ரீச்சர் எப்பவோ ஆரிட்டையோ இருந்து கிருமியைச் சுவாசிச்சிருக்கிறா. உடம்பு கண்டுபிடிச்சிருக்கு, மறக்கவுமில்லை. நோய் வருத்தம் இருக்கோ இல்லையோ எண்டு வீக்கத்தை மட்டும் வைச்சுச் சொல்லேலாது. அதுக்கு நெஞ்சைப் படம் பிடிக்கவேணும். ஆனால் இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, மெலியவுமில்லை. எனக்குப் பயமில்லை."

"வீங்காதவைக்கு ஒண்டுமில்லையோ?"

"அநேகமா இல்லை. பிள்ளையள் எண்டால் தடுப்பூசி போடுவம். ஆனால் ஒண்டு. வருத்தம் முத்தி உடம்பு களைச்சுப்போன ஆக்களுக்கும் சிலவேளை வீங்காது. வால் கிடக்கும், எழும்பி வர ஆளிராது." அதற்குள் ஒரு குழந்தை வீரிட்டது. அவர் எழும்பிப் போனார்.

திரும்பி வந்தபோது நான் சட்டைக் கையை மடித்து வைத்திருந்தேன். எப்படி அந்தத் துணிவு வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. "எனக்கும் போடுங்கோ" என்றேன்.

மிஸ்ஸி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மாப்பிளையோ?"

நான் கையை இன்னும் கொஞ்சம் நீட்டினேன். "போத்தில் உடைச்சாச்சு, மிஞ்சினதைக் கொட்டத்தானே வேணும்" என்று சொல்லிக்கொண்டே ஊசியை எடுத்தார். தோலில் கொசு கடித்ததைப் போல ஒரு சின்னக் கொப்புளம் எழும்பியது. அவ்வளவுதான். "தேய்க்காதேங்கோ, எண்ணெய் பூசாதேங்கோ. நானும் சனத்துக்குச் சொல்லிப் பாக்கிறன்" என்றார்.

சொல்லியும் பார்த்தார். அன்று பின்னேரமே பள்ளிக்கூட வாசலில் தாய்மாரைக் கூட்டி அதே பூனை எலிக் கதையைச் சொல்லி விளக்கினார். அவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். "மிஸ்ஸி இரக்கப்பட்டு மூடி மறைக்கிறா" என்று ஒருத்தி எங்கள் கடையிலேயே சொன்னாள். முதலில் விழுந்த சொல்லைப் பிடுங்குவது பாடு. பரமேஸ்வரியின் வகுப்பில் மறுநாளும் கூட்டமில்லை.

காத்திருந்த நாட்களில் தீவைச் சுற்றினேன். ஒல்லாந்தர் காலத்து இடிந்த கோட்டையைப் பார்த்தேன். பார்க்க அங்கே ஆடுகள்தான் நின்றன. பத்துப்பேர் கை கோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத பெருக்கமரத்தைப் பார்த்தேன். தண்ணீர் பல கிணறுகளில் உப்பு. நல்ல தண்ணீருக்கு மச்சாள் குடத்தோடு நடந்தார். மழை ஓயாத ஊரிலிருந்து வந்த நான் முகம் கழுவவே வெட்கப்பட்டேன். ஒரு மத்தியானம் பனங்கிழங்கு மாவில் காய்ச்சிய ஒடியற் கூழ். மீன், நண்டு, பயிற்றங்காய், மரவள்ளி எல்லாம் ஒரே பானைக்குள். பிலாவிலையைக் கோலிக் குடிக்க வேண்டும். நான் குடித்ததில் பாதி சட்டையில் வழிந்தது. "மலாயாச் சட்டைக்கும் பசிதான்" என்றார் அண்ணை. சிரித்து, இருமி, கூழைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார். கடையில் இடைவேளைக்குப் பிள்ளைகள் பணிஸ் என்னும் இனிப்பு ரொட்டி வாங்க மொய்த்துக்கொண்டு நின்றார்கள். குனிந்து இருமிக்கொண்டே எடுத்துக் கொடுத்தார்.

என் கையை நான் அடிக்கடி பார்த்தேன். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் சிவந்தது. மூன்றாம் நாள் காலை தடவினால் கட்டியாக, புளியங்கொட்டையைத் தோலுக்குள் வைத்துத் தைத்ததைப் போல இருந்தது. உள்ளதைச் சொல்கிறேன், கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது.

அன்று மத்தியானம் மிஸ்ஸி மேற்குப் பக்க வேலையை முடித்துவிட்டுக் கடைக்கு வந்து தேத்தண்ணி கேட்டார். பள்ளிக்கூடம் விடும் நேரம். தாய்மார் பிள்ளைகளைக் கூட்டிப்போக வாசலில் நின்றார்கள். நான் எழும்பினேன். அவ்வளவு பேருக்கு முன்னால் என் வாழ்நாளில் வாய் திறந்ததில்லை. சட்டைக் கையை மடித்து நீட்டினேன்.

"மிஸ்ஸி, அளந்து சொல்லுங்கோ. எல்லாருக்கும் கேக்கச் சொல்லுங்கோ."

அவர் விளங்கிக்கொண்டார். பேனாவால் இரண்டு பக்கமும் கோடு இழுத்து, அளந்து, அன்றைக்குப் போலவே தெருவுக்குக் கேட்கச் சொன்னார்: "மலாயா ஐயாவுக்கும் வடிவாப் பிடிச்சிருக்கு! ரீச்சரைவிட எப்பன் கூட!"

மதிலடியில் தலைகள் திரும்பின. பிறகு, மூடி மறைக்கிறா என்று சொன்ன அதே பெண் கேட்டாள்: "அப்ப இவருக்கும் கசமோ? இவர் சைக்கிளிலை ஊரெல்லாம் சுத்துறாரே."

"இந்த வரிசையிலை கையை நீட்டினால் எனக்கும் வீக்கம்தான்" என்று மிஸ்ஸி தன் கையைத் தட்டினார். "உங்களிலை பாதிப் பேருக்கும் வீங்கும். போடட்டோ?"

யாரோ ஒருத்தி சிரித்தாள். சிரிப்பு மதிலோடு ஓடியது. நான் சட்டைக் கையை இறக்கிவிட்டேன்.

அண்ணைக்கு மட்டும் பிடிக்கவில்லை. "நல்ல சோடி! ரெண்டு பேரும் கட்டியோடை கலியாணம் கட்டுங்கோ" என்று தன் கையை நீட்டிக் காட்டினார். "இந்தா, இதைப் பார். எலியுமில்லை வாலுமில்லை. உடம்பெண்டால் இது உடம்பு." சொல்லி முடிக்கவில்லை, இருமல் வந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு இருமினார்.

மிஸ்ஸி தேத்தண்ணியைக் குடிக்காமல் வைத்தார். எனக்கும் அப்போதுதான் அந்த மண்டபத்தில் குழந்தை வீரிட்டதற்கு முன் அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. எழும்பி வர ஆளிராது.

"அண்ணை, இந்த இருமல் எவ்வளவு காலமா?"

"அது சுருட்டு, மிஸ்ஸி."

"சுருட்டு இல்லாமல் படுக்கேக்கையும் சுருட்டோ?"

உள்ளே குசினியிலிருந்து மச்சாளின் குரல் வந்தது. "கேளுங்கோ மிஸ்ஸி! விடிய எழும்பினால் உடுத்த சாரத்தைப் பிழியலாம், அவ்வளவு வேர்வை. சொன்னால் பகிடி விடுறார். மாரி காலத்திலை இருந்து இதே கதை."

"பொம்பிளையளுக்கு எப்பவும்..." என்று அண்ணை தொடங்கி, நிறுத்தினார். அவருடைய முகத்தில் பகிடி இல்லாமல் நான் பார்த்தது அதுதான் முதல் முறை. கடைக்கு முன்னால் பணிஸுக்கு நின்ற பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு, தானே போய்க் கடையை அடைக்கும் பலகைகளில் ஒன்றை எடுத்து மாட்டினார்.

"நாளைக்கு வள்ளம் ஓடுமோ?" என்று என்னைக் கேட்டார்.

"ஓடும், அண்ணை. நான் கூட்டிக்கொண்டு போறன்."

"இப்ப மருந்திருக்கு. விடாமல் எடுத்தால் மாறும். பாதியிலை விட்டால்தான் மாறாது" என்றார் மிஸ்ஸி. அவர் இரக்கத்துக்குச் சொல்லவில்லை. அந்தக் குரலில் தெரிந்தது.

பின்னேரம் நான் தனியாகக் கந்தையா வீட்டுக்குப் போனேன். கிழவர் மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வாளியைக் கீழே வைத்துவிட்டு, மகளைக் கூப்பிட்டுக் கதிரை போடச் சொன்னார். பிறகு மாட்டுக்கு இன்னும் தண்ணீர் வேண்டும் என்று சொல்லிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார். மாடு வாளியில் பாதித் தண்ணீரைக் குடிக்காமல் விட்டிருந்தது.

பரமேஸ்வரி கதவோடு நின்றார். கையை மூடவில்லை.

"நீங்கள் எனக்காக ஏன் ஊசி போட்டனீங்கள்?"

"உங்களுக்காக இல்லை" என்றேன். "எனக்கும் இருக்கோ எண்டு பாக்க."

"இல்லாமல் இருந்திருந்தால்?"

அதை நான் யோசிக்கவில்லை. யோசித்துப் பார்த்தேன். "இல்லாட்டிலும் இங்கைதான் வந்திருப்பன். கையைக் காட்டாமல், வாயாலை சொல்ல வேண்டி வந்திருக்கும். அது எனக்கு இன்னும் கஷ்டம்."

அவர் சிரித்தார். கிணற்றடியில் துலா ஏறி இறங்கும் சத்தம் இன்னும் கேட்டது. மாட்டுக்கு அவ்வளவு தண்ணீர் ஆகாது.

"சண்முகம் அண்ணைக்குச் சுகமாகுமோ?"

"ஆகும் எண்டு மிஸ்ஸி சொல்லுறா."

"மச்சாளைத் தனிய விடேலாது. பள்ளிக்கூடம் விட்டாப் பிறகு நான் போய் நிக்கிறன்" என்றார். அண்ணை அவரைப் பற்றிக் கடை வாசலில் என்ன சொன்னார் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. பிறகு கேட்டார்: "மிஸ்ஸி தெருவெல்லாம் கேக்கச் சொன்னா. நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையே?"

நான் கதிரையை விட்டு எழும்பினேன். இறங்குதுறையில் ஒரு வாய் கேட்காமல் தவறான வள்ளத்தில் ஏறியவன் நான்.

"பிடிச்சிருக்கு" என்றேன்.

"ஆர் ஆரை?"

"நான் உங்களை."

"எனக்கும்" என்று சொல்லிவிட்டு, தகப்பனைக் கூப்பிட அவர் கிணற்றடிக்குப் போனார்.

மறுநாள் காலை வள்ளத்தில் அண்ணையைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் போனேன். பரமேஸ்வரியும் தகப்பனும் வந்தார்கள். ஆசுபத்திரியில் எல்லாருக்கும் நெஞ்சுப் படம் பிடித்தார்கள். அண்ணையை அங்கேயே வாட்டில் தங்கவைத்து மருந்து தொடங்கினார்கள். மற்றவர்களுடைய படத்தில் ஒன்றுமில்லை. பின்னேர பஸ்ஸில் இருக்க இடம் கிடைக்கவில்லை. குறிகட்டுவான் வரைக்கும் பரமேஸ்வரியும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டு வந்தோம்.